ராசிபுரத்துச் சுரங்கம்

ராசிபுரத்துக்கு வெளியே ஒரு மரவள்ளிக் காட்டில், உச்சி வெயிலில், என் மச்சான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஆஸ்திரேலியாவில் குடியிருப்பவன். அங்கே ரயில் ஓடாத பழைய சுரங்கங்களுக்குள் ஞாயிறுதோறும் நடப்பது அவன் பொழுதுபோக்கு. இங்கும் ராஜா காலத்துச் சுரங்கம் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்து வந்திருக்கிறான்.

காட்டுக்காரர் ஒரு மண்மேட்டைக் காட்டுகிறார்.

“போர்வெல் போட்டப்ப குழி உழுந்துச்சுங்க. எட்டிப் பாத்தா செங்கல் வளைவு. ஆபீசருங்க வந்தா காடு போயிருமுன்னு, கோழிப்பண்ணை இடிச்ச கல்லை நாலு லோடு கொட்டி மூடிட்டமுங்க.”

மச்சான் போனில் தன் ஆஸ்திரேலியச் சுரங்கப் படங்களைக் காட்டுகிறான்; ஒவ்வொன்றின் வாசலிலும் வரிசையாகக் கார்கள்.

“உள்ள என்னங்க இருக்குது?” என்கிறார் காட்டுக்காரர்.

“ஒண்ணுமில்லீங்க, வெறும் இருட்டு.”

“இருட்டைப் பாக்கவா இத்தனை காரு? அதெல்லாம் நிக்கற எடம் யாருதுங்க?”

“பக்கத்துத் தோட்டக்காரருது. காசு வாங்கிட்டுத்தான் உடுவாரு.”

காட்டுக்காரர் மண்மேட்டை ஒருமுறை சுற்றி வருகிறார். பிறகு பொக்லைன்காரருக்குப் போன் போடுகிறார்.

“சாமி, ஒடனே வண்டியெடுத்துக்கிட்டு வா. சுரங்கத்தைத் தோண்டோணும். வளைவு இடிஞ்சாலும் போச்சாது, காரு நிக்கற எடம் சமமா இருக்கோணும்.”