சலீமா பீவியின் இடது கன்னம்

சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் சலீமா பீவிக்கு வாய் ஓயாது என்று ஊரே சொல்லும். அந்த வாயை மூன்று வருஷம் கட்டிப்போட்டது அவருடைய இடது கன்னம். காற்றுப் பட்டால் போதும், காதுக்கும் உதட்டுக்கும் நடுவே கரண்ட் அடித்த மாதிரி வலி பாயும். அரை நிமிஷந்தான். அந்த அரை நிமிஷத்துக்குப் பயந்து நாள் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பல்வலி என்று நினைத்துக் கடலூரில் மூன்று பல்லைப் பிடுங்கினார்கள். மூன்றும் நல்ல பற்கள், பாவம். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

சாப்பாடு இறங்காததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தொழுகைக்கு முன் ஒளுச் செய்ய முகம் கழுவ முடியவில்லையே, அதுதான் அவரை அரித்தது. மகள் ஷமீனாவைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவரச் சொன்னார். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இவள் போய்ச் சொல்ல, சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்தில் தடவிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியனுப்பினார். தொந்தரவு தண்ணீரில் இல்லை, தொடுவதில் என்பதை எப்படிச் சொல்வது? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒளு கற்றுக்கொடுத்தவருக்கு மறுபடி கேட்டனுப்ப வெட்கமாக இருந்தது. முகம் கழுவாமலே, குற்றவாளி மாதிரி தொழுதார்.

மாத்திரைகளும் தலைசுற்றலைத்தான் தந்தன. கடைசியில் சிதம்பரத்தில் வலிக்கென்றே பார்க்கும் டாக்டர் வினோதினியிடம் போனார்கள். அவர் மயக்க மருந்து டாக்டர் என்று தெரிந்ததும் சலீமா பீவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தூங்கவைக்கிறவர் வலிக்கு என்ன பண்ணுவார்?

வினோதினி கன்னத்தைத் தொடவில்லை. "எப்பெப்பல்லாம் வருது, சொல்லுங்கம்மா" என்றார்.

"மூஞ்சி கழுவுனா" என்று ஆரம்பித்தவருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளில் கன்னத்தை அமுக்கிப் பார்க்காமல் கேட்ட முதல் டாக்டர் இவர்தான்.

"இது பல்லு இல்லம்மா, நரம்பு. கன்னத்து வழியா ஊசி விட்டு அதைச் சுட்டுடலாம். வலி போயிடும். ஆனா அந்தப் பக்கம் மரத்துப்போவும். உணர்ச்சி திரும்பாமயும் போவலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"தூங்க வச்சுடுவீங்கல்ல?"

"சுடுறப்ப தூங்கிடுவீங்க. அதுக்கு முன்னாடி முழிச்சிருக்கணும். எங்க மதமதன்னு வருதுன்னு நீங்க சொன்னாதான் எனக்கு இடம் தெரியும்."

ஷமீனா தயங்கினாள். சலீமா பீவி தயங்கவில்லை. ஊசி போடும் அன்று மேசையில் படுத்துக்கொண்டு, "அங்க இல்ல, இன்னும் கீழ, ஆங், அங்கதான்" என்று டாக்டருக்கே வழி சொன்னார்.

மறுவாரம் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் குழாயடியில் உட்கார்ந்தார். தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டார். வலது பக்கம் சில்லென்றது. இடது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. வலியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

"ஷமீனா, எடப்பக்கம் நனைஞ்சிருக்கா பாரு."

"நனைஞ்சிருக்கும்மா. சொட்டுது."

ஒளுவின் முறைப்படி மூன்று தடவை கழுவினார். மூன்று தடவையும் கேட்டார். பிறகு நாலாவதாகவும் ஒரு கை அள்ளினார்.

"மூணு ஆயிடுச்சும்மா, போதும்" என்றாள் ஷமீனா.

"தெரியும்டி. இது ஒளுவுக்கு இல்ல, சும்மா" என்று சொல்லி முகத்தில் வாரி இறைத்துக்கொண்டார்.