நான்கு சுவிட்சும் ஒரு ரிதம் பெட்டியும்

என் தங்கையின் கல்யாணத்துக்கு டிரம்ஸ் வாசிக்க ஆள் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலைத் தேநீரின்போது, டயரியில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, இலங்கையில் போர்க்காலம் அது.

எங்களிடம் ஒரு பழைய ரிதம் பெட்டி இருந்தது. மாத்தளையில் எங்கள் கோயிலில் இருந்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய பாதிரியார் ஒருவர், பாடகர் குழுவுக்கு விட்டுப்போனது. பட்டனை அழுத்தினால் டிரம்ஸ், தாளத்தட்டு, கைதட்டல் எல்லாம் தானாகவே ஒலிக்கும். ஆனால் யார் பேச்சையும் கேட்காது. கீபோர்ட் வாசிக்கும் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, பாட்டின் நடுவில் வேகத்தைக் கூட்டினால், பெட்டி தன் பாட்டுக்குப் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும்.

புதிய கருவிகளில் மிடி என்றொரு ஏற்பாடு வந்திருந்தது. ஒரு கருவி சொல்வதைக் கம்பி வழியாக இன்னொன்று கேட்கும். பழைய பெட்டிகளுக்கும் அதைப் பொருத்தலாம் என்று ஒரு சஞ்சிகையில் படித்துவிட்டுக் கனடாவிலிருந்த சினேகிதனுக்கு எழுதினேன். உள்ளங்கை அளவில் ஒரு சர்க்கிட் பலகை தபாலில் வந்தது. ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் பூசை முடிந்து வந்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். பெட்டியின் முதுகில் ஓட்டை போட்டு, பலகையிலிருந்த நான்கு சுவிட்சுகள் வெளியே தெரியும்படி வைத்தேன். ஒவ்வொன்றும் அரிசி மணியளவுதான். கீபோர்ட் பதினாறு வழிகளில் பேசும். அதில் எந்த வழிக்குப் பெட்டி காது கொடுக்க வேண்டும் என்று அந்த நான்கும் சேர்ந்து முடிவு செய்யும். தாளம் வரும் வழிக்கு அவற்றைச் சரிசெய்து, எது மேலே, எது கீழே என்று டயரியில் குறித்துக்கொண்டேன். எழுதி வைத்ததை நினைவில் வைக்க வேண்டியதில்லை என்பது அந்நாளில் என் கொள்கை.

அப்பாவுக்கு நம்பிக்கையில்லை. "பொட்டி வாசிச்சா சனம் சிரிக்காதா?"

"மனுசன் வாசிச்சாத்தாம்ப்பா தப்பு வரும்" என்றேன்.

தங்கை சுருக்கமாகச் சொன்னாள்: "அண்ணா, மண்டபத்துக்குள்ள வர்ற பாட்டுக்கு ஒரு மாசமா நடை பழகுறேன். அதுல ஏதாச்சும் கொழப்புனீங்க, அப்புறம் ஒங்ககூட பேச்சே இல்ல."

அவள் செய்யக்கூடியவள். சிறுமியாக இருந்தபோது நான் அவளுடைய பென்சிலை உடைத்தேன் என்று தவக்காலத்தின் நாற்பது நாளும் என்னோடு பேசாமல் இருந்தாள். அந்த வருடம் அவள் இறைச்சியை விட்டாள், என்னையும் விட்டாள்.

கல்யாணத்தன்று காலை மாத்தளையில் பூசை, மதியம் மாப்பிள்ளையின் ஊரான நாவுலயில் விருந்து. பூசை முடிந்ததும் நானும் மச்சானும் கருவிகளோடு வேனில் முன்னால் கிளம்பினோம். வழியிலிருந்த சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். கம்பிகளும் சிவப்பு விளக்கும் வைத்த பெட்டியைப் பார்த்த சிப்பாய்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"இது என்ன?" என்று சார்ஜன் சிங்களத்தில் கேட்டார்.

"பேரே போடும் பெட்டி, மாத்தையா" என்று மச்சான் அதே மொழியில் சொன்னான். பேரே என்றால் மேளம், மாத்தையா என்றால் ஐயா.

"அப்படியென்றால் போட்டுக் காட்டு."

பக்கத்துத் தேநீர்க் கடையில் மின்சாரம் எடுத்தோம். மச்சான் பட்டனை அழுத்தினான். பைலாத் தாளம் கிளம்பியதும் சாவடியே இளகிவிட்டது. லொறிக்காரர் ஒருவர் இறங்கி வந்து இடுப்பை ஆட்டினார். ஒரு சிப்பாய் பெட்டியின் தூசியைத் துணியால் துடைத்தும் விட்டான்.

பெட்டி தப்பியது. மாட்டிக்கொண்டது என் டயரி. அதில் பஸ் வந்த நேரம், கரண்ட் போன நேரம், மழை தொடங்கிய நேரம், லொறி கவிழ்ந்த நேரம் எல்லாம் தமிழில் வரிசையாக இருந்தன. சார்ஜன் பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது.

"இதெல்லாம் எதற்கு எழுதுகிறாய்?"

அந்தக் கேள்வியை என் மனைவியும் கேட்டிருக்கிறாள். 

"தமிழ் படிக்கத் தெரிந்தவர் மத்தியானம் வருவார். திரும்பும்போது வாங்கிக்கொள்" என்றார் சார்ஜன்.

"மாத்தையா, வேண்டுமானால் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள்" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். மச்சான் என் காலை மிதித்தான்.

நாவுல மண்டபத்தில் எல்லாவற்றையும் பொருத்தி முடித்து, மச்சான் சோதனைக்கு ஒரு கட்டையைத் தொட்டான். 'டப்' என்று ஒரு கைதட்டல். அடுத்த கட்டைக்கு டிரம். பாட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஏதோவொன்று இடித்தது. பெட்டி தாளத்தை விட்டுவிட்டுப் பாட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது.

முதுகைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு சுவிட்சும் ஒரே வரிசையில் நேராக நின்றன. தூசி துடைத்த சிப்பாய், அணிவகுப்புக்கு நிறுத்துவதுபோல, கோணலாக நின்றவற்றையும் சரிசெய்துவிட்டிருந்தான்.

"அத்தான், எது மேல எது கீழன்னு சொல்லுங்க, மாத்திருவோம்" என்றான் மச்சான்.

"டயரியில இருக்கு."

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். "ஒங்க தலையில ஒண்ணுமே இல்லையா?"

பதினாறு விதங்களையும் ஒவ்வொன்றாக முயலலாம் என்று பாட்டுத் தாளின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டேன். ஒவ்வொரு முறையும் பெட்டியை அணைத்து மீண்டும் போட வேண்டும். ஆறாவதில் இருந்தபோது வாசலில் தங்கையின் கார் வந்து நின்றது. அப்பா மேடைக்கு வந்தார்.

"மனுசன் வாசிச்சாத்தான் தப்பு வரும்னு சொன்னது யாரு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

"பழையபடி நேரா வைங்க. இனி நான் பாத்துக்கிறேன்" என்றான் மச்சான்.

சிப்பாய் நிறுத்தியபடியே திரும்ப நிறுத்தினேன். தங்கை வாசலில் காலெடுத்து வைத்தாள். மச்சான் கீபோர்டின் இடது பக்கத்துக் கட்டைகள் சிலவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு, இடது கையால் டிரம்ஸையே வாசிக்கத் தொடங்கினான். பாட்டை வலது கையால் வெகு உயரத்துக்கு, பெட்டிக்கு வேலையில்லாத கட்டைகளுக்கு, கொண்டுபோய்விட்டான். கீழே இடி, மேலே குருவி கத்துவதுபோல் பாட்டு. அவ்வப்போது அவன் விரல் தவறிக் கைதட்டல் விழுந்தது. யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்து முன்வரிசைப் பெண்களும் தட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது.

தங்கை நடை பிசகாமல் வந்தாள். மேடையைக் கடக்கும்போது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு தவக்காலம் தெரிந்தது. விருந்து முடியும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும் வழியில் டயரி கிடைத்தது. தமிழ் படித்த அதிகாரி, நான் எழுதியிருந்த ஒரு கரண்ட் வெட்டின் நேரத்தைப் பென்சிலால் அடித்துப் பத்து நிமிடம் குறைத்திருந்தார். சுவிட்சுக் குறிப்பின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. விளக்கிச் சொன்னேன். தூசி துடைத்த சிப்பாய் வேறு பக்கம் பார்த்தான். அன்றிரவு எழுதினேன்: தங்கை மண்டபத்துக்குள் வந்தாள், கைதட்டல் ஏழு முறை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். என்னிடம் ஒன்றும் பேசாமல் மேசையிலிருந்த டயரியை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினாள். படித்தாள். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி ஏழு என்பதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினாள்.

"நடந்தவ நானு. ஒவ்வொரு டப்புக்கும் சிரிப்ப அடக்கிக்கிட்டு நடந்தேன், எனக்குத் தெரியாதா?" என்றாள். "சும்மா கண்ட கணக்க எழுதாதீங்கண்ணா."