இரைச்சலில் பேசத் தெரிந்தவள்

என் அத்தைக்குக் காது பாதிதான் கேட்கும். கல்யாணத்துக்கு முன்பே தகர டப்பாத் தொழிற்சாலைக்குப் போனவள், மூடி அடிக்கும் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றே தலை நரைத்தாள். பிரஸ் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் அலறினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்த்த பெண்கள் குரலை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். உதட்டை மட்டும் அசைத்து, கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பேசிக்கொள்வார்கள். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் புருஷன் யார் வாசலில் நின்றான் என்பதெல்லாம் சத்தமே இல்லாமல் கூடத்தைச் சுற்றி வரும். கொக்கு என்று பட்டப்பெயர் வைத்திருந்த சூப்பர்வைசரை நேருக்கு நேர் திட்டுவார்கள். அவருக்கு அந்தப் பேச்சு புரியாது. என்னவோ மெல்லுகிறார்கள் என்று நினைத்து, வேலை நேரத்தில் தின்னக் கூடாது என்று சைகை காட்டிவிட்டுப் போவாராம்.

அந்தப் பேச்சுக்கு உதடு மட்டும் போதாது. புருவம், கன்னம், கண் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு சொல் முழுதாகும். அதில் பொய் சொல்ல வராது என்பாள் அத்தை. குரலால் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், முகத்தால் முடியாது.

அந்தப் பேச்சை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். மாமா பஸ் பணிமனையில் இரவு ஷிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் தூங்குவார். ஒரு தட்டு விழுந்தாலும் எழுந்து வந்து கத்துவார். அதனால் அத்தையும் அவள் மகனும் பகலில் உதட்டால்தான் பேசிக்கொண்டார்கள். பையன் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதைக் கற்றுக்கொண்டான். மாமாவுக்கு அது பிடிக்காது. “என்ன ஊமைக் கூத்து இது, என் வீட்ல எனக்குத் தெரியாம” என்பார்.

சத்தம் போடக் கூடாத வீட்டில் வளர்ந்த அந்தப் பையனுக்கு டிரம்ஸ் மேல் பைத்தியம் பிடித்ததுதான் வேடிக்கை. கதவு, மேசை, தன் தொடை என்று கைக்கு எட்டியதை எல்லாம் தட்டுவான். எங்கள் குடும்பத்தில் அவனுக்கு டமாரம் என்றே பெயர். வளர்ந்ததும் யாரிடமோ பழைய டிரம்ஸ் செட் ஒன்றை வாங்கி மாடி அறையில் வைத்தான். மாமா வேலைக்குப் போன பிறகுதான் தொடுவான். ஒரு நாள் மாமா வேலைக்குப் போகாமல் காய்ச்சலோடு படுத்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. மாமா மேலே ஏறிப்போய், பணிமனைக் கத்தியால் ஒவ்வொரு தோலாகக் கிழித்தார். பையன் நின்று பார்த்தானாம். அன்றைக்கே ஒரு பையோடு கிளம்பினான். “இனி இந்த வாசப்படி ஏறினே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்” என்றார் மாமா. அவன் ஏறவில்லை. போன் நம்பரையும் மாற்றிக்கொண்டான்.

அதெல்லாம் நடந்தபோது நான் வேறெங்கோ இருந்தேன். தேசம் தேசமாகச் சுற்றிவிட்டுப் போன மாதம்தான் திரும்பினேன். தங்க ஓரிடம் வேண்டியிருந்தது, அத்தைக்குக் கை உதவிக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மாமாவுக்குத் தொண்டையில் புற்று. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். குரல் போய்விட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். எழுதிக் காட்டலாம் என்றால் கை நடுங்கியது, அதோடு எழுத்து அவருக்கு என்றைக்குமே பகை. உதட்டைத்தான் அசைத்தார். எதை ஊமைக் கூத்து என்றாரோ, அந்தக் கூத்து தெரிந்த ஒருத்தியால்தான் இப்போது அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள முடிந்தது.

கட்டு மாற்ற வரும் நர்ஸை அவர் கண்டபடி வைவார். “என்னம்மா சொல்றாரு?” என்று நர்ஸ் கேட்பாள். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும்னு சொல்றாரு” என்பாள் அத்தை. நர்ஸ் போனதும் நாங்கள் இரண்டு பேரும் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்த வீட்டில் வேறு எதற்கும் நாங்கள் சிரித்ததில்லை.

பையனைக் கூப்பிடலாமா என்று அத்தை தினமும் கேட்டாள். மாமா தினமும் ஒரே பதிலைச் சொன்னார். என்ன சொல்கிறார் என்று நான் கேட்டால் அத்தை சொல்ல மாட்டாள், போர்வையைச் சரிசெய்வாள். பிறகு ஒரு நாள் தானாகவே சொன்னாள். “அவன் முகத்துல முழிக்கவே மாட்டேங்கிறாரு. செத்தா கொள்ளிக்குக்கூட அவன் வேண்டாமாம்.”

ஊருக்கு வெளியே உள்ள பெரிய மைதானத்தில் ஒவ்வொரு கோடையிலும் மூன்று நாள் இசை விழா நடக்கும். எங்கெங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக இளசுகள் வந்து கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அந்த விழாவுக்கு இரும்புச் சாரம் கட்டுகிறவர்களை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அத்தையின் பழைய தொழிற்சாலைத் தோழி அதைப் போனில் கொண்டுவந்து காட்டினாள். சாரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவன் ஸ்பேனரால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தான். முகம் தெளிவாக இல்லை. தட்டுகிற கையைப் பார்த்தே அத்தை உட்கார்ந்துவிட்டாள். தோழி தன் மகளிடம் சொல்லி இரண்டாம் நாளுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

நானும் வருகிறேன் என்றேன். மாமாவை யார் பார்ப்பது என்றாள் அத்தை. தோழி வீட்டில் விசேஷம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பினாள். கிளம்புமுன், மாமா தூங்கிக்கொண்டிருந்தபோது, மகனிடம் என்ன சொல்லப் போகிறாள் என்பதைக் குளியலறையில் சத்தமாகச் சொல்லிப் பழகியது எனக்குக் கேட்டது. காது மந்தமானவர்களுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. “அப்பா உன்னைக் கூப்பிடுறாரு தம்பி. உன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்காரு.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நுழைவாயிலில் அவள் கையில் ஒரு பட்டையை மாட்டினார்கள், தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேலைக்காரர்கள் போகிற பின்வாசலைத் தேடிப் போனாள். காவலாளி, அவர்கள் எல்லாம் ஒப்பந்த ஆட்கள், யார் எவர் என்று தன்னிடம் விவரம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். வெயிலில் அலைந்தவளைப் பார்த்து, முகமெல்லாம் ஜிகினா ஒட்டியிருந்த ஒரு பெண், பிள்ளையைத் தொலைத்துவிட்டீர்களா ஆன்ட்டி என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றாள் அத்தை. அந்தப் பெண் பாவம், கையைப் பிடித்து, காணாமல் போன குழந்தைகளுக்கான கூடாரத்துக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்தவர் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார். இருபத்து நாலு என்றாள் அத்தை. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

மத்தியானம் பெரிய மேடையில் கச்சேரி தொடங்கியது. அத்தைக்குப் பாட்டு கேட்கவில்லை. அடித்தாளம் மட்டும் காலடி மண் வழியாக ஏறி நெஞ்சில் இடித்தது. “பயமே போயிடுச்சு. வேலைக்கு வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு” என்றாள் என்னிடம்.

கூட்டத்தின் நடுவில் தடுப்பு கட்டி, விளக்குகளுக்காக ஒரு இரும்புக் கோபுரம் எழுப்பியிருந்தார்கள். அதன் கீழ்த்தட்டில், இரண்டு ஆள் உயரத்தில், இடுப்பில் வார் கட்டிக்கொண்டு கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான் அவன். அத்தை இடித்துத் தள்ளித் தடுப்புவரை போய்க் கையை ஆட்டினாள். சுற்றி இருந்த ஆயிரக்கணக்கான பேரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தினாள். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் பார்வை அவள் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் தொழிற்சாலை வழக்கம் நினைவுக்கு வந்தது. இயந்திரங்கள் எல்லாம் ஏறி இறங்கும் கூடத்தில் கையை ஆட்டினால் யார் கண்ணிலும் படாது. யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு சிலைபோல் நிற்க வேண்டும். எல்லாம் அசைகிற இடத்தில் அசையாததுதான் கண்ணில் தட்டுப்படும். குதித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் நடுவில் அத்தை தலைமேல் கை வைத்து நின்றாள். முழங்கை இடித்தது, காலை மிதித்தார்கள். அசையவில்லை.

அவன் பார்த்தான். கேபிளைக் கீழே வைத்தான்.

“அம்மா, நீ எங்கம்மா இங்க?” என்றன அவன் உதடுகள்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டாள் அத்தை. அவன் சிரித்துவிட்டானாம். எத்தனையோ நாளாகத் தேக்கி வைத்திருந்ததில் முதலில் அதுதான் வந்தது என்று சொல்லும்போது அத்தைக்கே வெட்கமாக இருந்தது.

மாமாவின் தொண்டையைத் தன் கழுத்தில் காட்டினாள். குழாய், குரல் இல்லை, டாக்டர் கைவிட்டார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி அத்தையின் வாயைப் பார்த்துவிட்டு, ஆன்ட்டிக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம் என்று தன் சிநேகிதியிடம் காட்டி, அத்தையின் தோளில் கைபோட்டு ஆடினாள்.

“அவரு கூப்பிட்டாரா?” என்று கேட்டான் அவன்.

பழகி வைத்ததை அத்தை சொன்னாள். கூப்பிட்டாரு, உன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்காரு.

அவன் அவளையே பார்த்தான். “இன்னொரு தடவை சொல்லும்மா.”

அத்தை வாயைத் திறந்தாள். குளியலறையில் குரல் இருந்தது, கண்ணாடியைப் பார்க்காமல் சொல்லியிருந்தாள். இங்கே குரல் இல்லை, முகம் மட்டும்தான். புருவம் ஒத்துழைக்கவில்லை, கண் தானாகக் கீழே போனது. திரும்ப நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. கோபம் இல்லை என்றாள் அத்தை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“அவரு கூப்பிடட்டும். அன்னிக்கு வரேன்” என்றான். மேலேயிருந்து ஒருவன் கயிற்றை ஆட்டினான். கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டான். கூட்டம் கலையும்வரை அத்தை தலைமேல் கை வைத்தபடியே நின்றிருக்கிறாள். அவன் இறங்கவில்லை.

அன்று மாலை அவள் வந்தபோது புடவையெல்லாம் புழுதி. மாமா கண்ணைத் திறந்து பார்த்தார். அத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். பார்த்தேன், மெலிந்திருக்கிறான், நீங்கள் கூப்பிட்டால் வருவானாம், ஒரு வார்த்தை சொல்லுங்கள். குழாய் வழியாகக் காற்று சீறியது. அவர் உதடு அசைந்தது. அத்தை அவர் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். முரட்டுத்தனமாக இல்லை. பிள்ளைக்கு வாய் துடைப்பது போலத்தான். ஆனால் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு சமையலறையில் வந்து நின்று எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

“நாளைக்கு நீ போ” என்றாள். “உனக்குத்தான் காலில சக்கரம் இருக்கே. அப்பா கூப்பிட்டாருன்னு சொல்லு. உனக்கு உதட்டுல பேசத் தெரியாது. போனில எழுதிக் காட்டு, இல்ல காதுல கத்து. உன் முகத்தை அவனுக்குப் படிக்கத் தெரியாது.”

“வந்த பிறகு, அத்தை? மாமா அவன்கிட்டயே சொல்லிடுவாரே. எனக்குப் புரியாது, நர்ஸுக்குப் புரியாது. ஆனா அவனுக்குப் புரியுமே.”

அத்தை பால் பாத்திரத்தை இறக்கி, துணியால் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். அந்த வீட்டில் மாமாவின் உதட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டாவது ஆளை உருவாக்கியவள் அவள்தான்.

“மத்தியானம் வலி மருந்து குடுத்ததும் அசந்துடுவாரு” என்றாள் கடைசியில். குரல் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. நான் பயந்து படுக்கையறைப் பக்கம் பார்த்தேன். “வாய் அசையாது. முகம்கூட நல்லா இருக்கும். கல்யாணம் ஆன புதுசுல இருந்த மாதிரி இருக்கும். அந்த நேரமாப் பாத்துக் கூட்டிட்டு வா. வந்து பாத்துட்டு, முழிக்கறதுக்கு முன்னாடி போயிடட்டும்.”

மறுநாள் விழாவின் கடைசி நாள். அதன் பிறகு சாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அத்தை தன் மணிக்கட்டில் இருந்த பட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். அது இரண்டாம் நாளுக்கு மட்டும் உள்ளது, இதை வைத்து உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

காலையில் நான் செருப்பைப் போடும்போது அவள் படுக்கையறை வாசலில் நின்று வலி மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.