வீட்டில் கூப்பிடும் பெயர்

எங்கள் வழக்கப்படி தலைப்பிள்ளைக்குக் குலசாமியின் பெயர்தான். என் கணவர் மாட்டேன் என்றார். அந்தச் சாமிக்குத் திருச்சிப் பக்கம் ஒரே ஊரில்தான் கோயில். இலங்கைக் குடியுரிமைக்கு விசாரிக்கிறவர்கள் பெயரைக் கேட்டதுமே இந்தியாக்காரர்கள் என்று எழுதிவிடுவார்களாம். பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட இவர்களுக்குப் பயப்பட வேண்டுமா என்று எனக்கு எரிச்சல்.

கினிகத்தேனை டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் கேட்டு ஒரு பெயர் கொண்டுவந்தார். தமிழிலும் சிங்களத்திலும் அதற்குப் பூ என்றுதான் பொருள். அப்படியும் நம்பாமல், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்த சிங்களக் காய்கறிக்காரியிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். எனக்கு அந்தப் பெயர் ஒட்டவேயில்லை. அவர் இல்லாத நேரத்தில் மகளைக் குலசாமி பெயரால்தான் கூப்பிட்டேன்.

விசாரணை நாளில், தமிழ் தெரிந்த சிங்கள அதிகாரி விண்ணப்பத்திலிருந்து நிமிர்ந்தார்.

"இது எங்க ஆளுங்க பேராச்சே! யாரு வைக்கச் சொன்னது?"

"நல்ல பேருன்னு வச்சோமுங்க," என்றார் என் கணவர்.

அதிகாரி எங்களை விட்டுவிட்டு, ஐந்து வயது மகளிடம் குனிந்தார். "வீட்டுல உன்னைய என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவள் குலசாமியின் பெயரை உரக்கச் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

ஊரையே சந்தேகப்பட்ட என் கணவர் அதுவரை என்னைச் சந்தேகப்பட்டதில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.