ஆறு நாள் கொட்டாவி

முதல் ஷிப்ட் பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் சுரங்கத்தில் வெல்டர். ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய வாய். நெருக்கமானவர்களுக்குத்தான் கொட்டாவி சீக்கிரம் தொற்றும் என்று எங்கோ படித்திருந்தார். பேருந்தின் டிரைவர் அவருடைய மச்சான். பொங்கலிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அந்த நெருக்கம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடியில் தெரிந்த மச்சானின் முகத்தைப் பார்த்துத் தினமும் மந்தாரக்குப்பத்திலிருந்து சுரங்க வாசல்வரை கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். ஐந்து நாளும் தொற்றியது எனக்குத்தான்.

“நீங்க ஏன் சார் குறுக்க விடறீங்க?” என்று கோபித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் டிரைவர் கண்ணாடியில் முறைத்தார். “யோவ் மச்சான், வாயை மூடிகினு வாய்யா! வண்டி ஓட்ட வேணாமா?”

வெல்டர் என் தொடையில் ஓங்கி அடித்தார். “பேசிட்டான் சார்! படிச்சது பொய்யில்ல, பாத்தீங்களா?”

டிரைவர் அன்றும் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. அதை வெல்டரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.