இந்திப் பக்கத்தில் வந்த மூன்று கடிதங்கள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதிலும் யாராவது போன் செய்து, "வெப்சைட்ல என்னமோ பிரச்சினை" என்று மொட்டையாகச் சொன்னால் பொத்துக்கொண்டு வரும். எந்தப் பக்கம், என்ன வருகிறது, ஒரு படமாவது எடுத்து அனுப்பக் கூடாதா? மதுரை கோச்சடையில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி பத்துப் பன்னிரண்டு இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கும் ஒரு காப்பகத்தின் தளம் அது. மனநிலை பிசகி, ஏதோ ஒரு ரயிலில் ஏறி, மதுரையில் வந்து இறங்கிவிடுகிறவர்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் தெளிந்ததும் அவர்கள் படத்தைத் தளத்தில் போடுவோம். தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் என நான்கு மொழிகளில். வீட்டார் யாராவது பார்த்தால் அதிலுள்ள படிவத்தில் எழுதலாம். காப்பகத்துக்கு மெயிலாக வந்துவிடும். முன்பு போன் நம்பரும் இருந்தது. கண்டவனும் கூப்பிட்டு வம்பளந்ததால் எடுத்துவிட்டோம்.

காப்பகத்தை நடத்தும் அக்கா வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் நர்ஸாக இருந்தவர். இந்தி அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆடி பிறந்து நாலாம் நாள் கூப்பிட்டார்.

"தம்பி, இந்திப் பக்கத்துல இருந்து ஒரு லெட்டரும் வரலையேப்பா. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டாச்சும் வரும். என்னன்னு பாரு."

தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒன்று அனுப்பிப் பார்த்தேன். உடனே வந்தது. இந்திப் பக்கத்தைத் திறந்தால் எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. அதனால் திறக்கவே இல்லை.

"வருதேக்கா. யாரும் எழுதல போல."

"இல்ல தம்பி, இம்புட்டு நாளா ஒண்ணுகூடவா வராம இருக்கும்?"

"மொழிபெயர்ப்பு பிளகினையே மாத்தணும்க்கா, பெரிய வேலை. ஆடி முடியட்டும். ஆவணி பொறந்ததும் புதுசாப் போட்டுருவோம்."

நான் சாமி கும்பிடாதவன். ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவன். ஆனால் எங்கள் ஊரில் ஆடி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அக்காவும், "அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டார். என் சோம்பேறித்தனத்துக்கு நல்ல சாக்கு கிடைத்தது.

ஆவணி பிறந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கே போனேன். தளத்தோடு ஒட்டவைத்திருக்கும் குட்டி நிரல்களான பிளகின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு பிளகின் ஆனி மாதத்தில் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. அப்போது இந்திப் படிவத்தில் மட்டும் மெயில் முகவரி அழிந்துபோயிருக்கிறது. எழுதியவருக்கு நன்றி சொல்லிவிட்டு, கடிதத்தைத் தளத்துக்குள்ளேயே போட்டு வைத்துக்கொண்டிருக்கிறது அது. முகவரியை மறுபடி அடித்தேன். ஐந்து நிமிஷ வேலை. தூ!

உள்ளே மூன்று கடிதங்கள் இருந்தன. மூன்றும் ஒரே போன் நம்பரிலிருந்து. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துச் சொன்னார்.

படத்தில் இருப்பது என் மகன், இரண்டு வருஷமாகத் தேடுகிறேன், அவனுக்கு இடது காது கேட்காது என்றது முதல் கடிதம். "அதான் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறாரா!" என்றார் அக்கா. எனக்கு எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு எழுதுகிறேன், ஏன் பதில் இல்லை என்றது அடுத்தது. மூன்றாவதில் இரண்டே வரி: எனக்கு உடம்பு முடியவில்லை, அவன் குரலை மட்டுமாவது கேட்க வையுங்கள்.

அக்கா அங்கேயே அந்த நம்பரைக் கூப்பிட்டார். எடுத்தது படத்தில் இருப்பவரின் தம்பி. கொஞ்ச நேரம் பேசியவர், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அம்மா போய் ஒன்பது நாள் ஆகிறதாம். விரல் விட்டு எண்ணினேன். ஆடியில்தான்.

"என்னையத் திட்டுங்கக்கா."

"என்னத்தப்பா திட்ட? நீ ஆடின்னதும் நானுந்தான சரின்னேன்."

அவர் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மகனிடம் இப்போது சொன்னால் அவருக்கு மறுபடி பிசகிவிடும், தம்பி நேரில் வந்து பக்குவமாகச் சொல்லட்டும் என்று அக்கா முடிவு செய்தார். முதல் கடிதத்தை மட்டும் அச்செடுத்து அவரிடம் கொடுத்தார்.

தம்பி வருகிற அன்று நானும் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அந்த மகன், நாற்பது வயது மனுஷர், வழவழவென்று சவரம் செய்துகொண்டு, பையோடு கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். காப்பகத்தில் பழகிய தமிழில், "கம்ப்யூட்டர் அண்ணே, அம்மா எழுதுச்சு. ஊருக்குப் போறேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். முழுக்க இந்தியில், பென்சிலால் எழுதியது.

"நான் பதில் எழுதிருக்கேன். அம்மாவுக்கு அனுப்புங்க. நான் போறதுக்கு முன்னாடி போயிரணும்."

தாளை வாங்கிப் போனில் படம் எடுத்தேன். அவர் என் தோள் வழியாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிருச்சாண்ணே?"

"போயிருச்சு" என்றேன்.