வெள்ளைக் கட்டு

வேட்டியைக் கிழித்த அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. யுத்த காலம், துணிக்குப் பஞ்சம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் என்று நைனா பெட்டியில் வைத்திருந்த ஒரே நல்ல வேட்டி. அதை அம்மா யோசிக்காமல் கிழித்தாள். நைனாவின் காலைச் செஞ்சி ஆஸ்பத்திரியில் காட்டப் போகிற நாள் அது. "அழுக்குக் காலை டாக்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டுவியா? நம்மள இன்னான்னு நெனைப்பாரு?" என்றாள். வெந்நீரில் வேப்பிலை போட்டு, புண்ணின் ஒவ்வொரு கண்ணையும் கழுவித் துடைத்து, புத்தம்புது வெள்ளைக் கட்டுப் போட்டாள். எங்கள் வீட்டு ஊறுகாயில்கூடப் பூசணம் பூத்ததில்லை. அப்படிப்பட்டவள் அவள்.

நைனா சிங்கவரத்துப் பக்கம் ஏற்றம் மிதிப்பவர். கிணற்றுக்கு மேலே நீண்டிருக்கும் மரத்தில் வெறுங்காலோடு முன்னும் பின்னும் நடப்பார். அவர் நடைக்கு மரம் தாழ்ந்து எழும். தண்ணீர் மேலே வரும். கிணற்றோரம் நின்று என் தாய்மாமன் வாளியைக் கவிழ்ப்பார். அந்தக் கால்தான் எங்களுக்குச் சோறு. எப்போதோ ஒரு கருவேல முள் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துபோனார். அந்த இடம் மெல்லத் தடித்து, கல்லாக இறுகி, சின்னச் சின்னக் கண்களாகத் திறந்துகொண்டது. ஆனால் வலியே இல்லை. அதுதான் எங்களைக் கெடுத்தது. "வலிச்சாத்தான நோவு?" என்பார் நைனா. மாமாவும், "இன்னா மச்சான், ஒரு கால் கனத்துப்போச்சு, மரம் இப்ப நல்லாத் தாழுது!" என்று சிரிப்பார். குஷ்டமாக இருக்குமோ என்று ஊர் காதைக் கடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். சீழில்லை, அழுக்கில்லை. "புண்ணை இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற வீட்டை நான் பார்த்ததில்லைம்மா" என்று களிம்பு கொடுத்து அனுப்பினார். அந்தச் சொல்லை அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கும் பெருமைதான். கால் மட்டும் வருஷத்துக்கு வருஷம் வீங்கிக்கொண்டே போனது.

கடைசியில் நைனாவால் மரத்தில் நிற்க முடியாமல் போனபோது விழுப்புரத்துக்குக் கூட்டிப் போனோம். மாட்டுவண்டி, அப்புறம் பஸ், அப்புறம் காத்திருப்பு. வழியில் கழுவ எங்கே தண்ணீர்? அம்மா கூசிக் குறுகி நின்றாள். அங்கிருந்த பெரிய டாக்டர் காலை அப்புறம்தான் பார்த்தார். முதலில் அவிழ்த்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். வெள்ளைத் துணியில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புக் குருணைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது எத்தனை நாளா வருது?"

"தெனமும் வரும் சாமி. முள்ளுத்தூள்னு தெனமும் கழுவி ஊத்திடுவேன். ஒண்ணு விடமாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். குஷ்டம் இல்லை, முள்ளோடு மண்ணிலிருந்து ஏறிய பூசணம், மதுரைக்கால் என்று இதற்குப் பேர், என்றார். நாங்கள் மதுரையைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆரம்பத்திலேயே, செஞ்சியில் காட்டியபோதே இந்தக் குருணையைக் கண்டிருந்தால் அந்தச் சதையை மட்டும் அறுத்து எடுத்திருக்கலாமாம். இப்போது எலும்புக்குள் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஏற்றத்தில் வேறு ஆள் நடந்தார். அம்மா வேர்க்கடலை பிடுங்கப் போனாள். சாயங்காலம் வந்து நைனாவின் மிச்சமிருந்த காலைக் கழுவிவிடுவாள். "எந்த டாக்டருக்குடி காட்டப் போற?" என்று அவர் கேலி செய்வார். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளைப் பழி சொல்ல இன்றுவரை யாரையும் நான் விட்டதில்லை. தெரிந்தா செய்தாள்? ஆனாலும் வாசலில் கொட்டிய அந்தத் தண்ணீரை நினைத்தால் மனசு ஆறவில்லை.

போன மாதம் என் குதிகாலில் ஒரு புண். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மருமகள் வெந்நீரோடு வந்தாள். "கட்டு அழுக்கா இருக்குது அத்தே, மாத்திடலாம்."

"இருக்கட்டும்மா. இப்படியே வரேன்."

நாலு பேர் பார்க்க அந்தக் கறைபடிந்த கட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூச்சம் பிடுங்கித் தின்றது. என்ன இருந்தாலும் அம்மா வளர்த்த பெண் இல்லையா நான்.